‘லைக்’ என்ற வினைச்சொல் தலைகீழான கதை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

‘லைக்’ என்றால் பிடிப்பது, விரும்புவது, இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். நிறையவே இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இந்தச் சொல் இன்றைக்கு இருப்பதற்கு நேர் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆங்கில மொழி வரலாற்றைப் பாடமாக நடத்துகிறவள் என்ற முறையில் எனக்கு ரொம்பப் பிடித்த சொற்களில் இது ஒன்று. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மேடம், எம்.ஏ. ஆங்கிலம் முதல் வருஷம் படிக்கிறேன். ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகத்தில் கென்ட் என்ற பிரபு ஒருவனைத் திட்டுகிறார், அவனைப் பிடிக்காததற்குக் காரணம் கேட்டால் ‘ஹிஸ் கவுன்டனன்ஸ் லைக்ஸ் மீ நாட்’ என்கிறார். அவன் முகம் கென்ட்டை விரும்பவில்லையா? முகம் எப்படி விரும்பும்?

பதில்: கென்ட் சொல்வது ‘அவன் மூஞ்சி எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதுதான். பழைய ஆங்கிலத்தில் இந்த வினைச்சொல்லின் வடிவம் ‘லீகியன்’. அதன் பொருள் விரும்புவது அல்ல, ஒருவருக்கு உவப்பாக இருப்பது. எது பிடிக்கிறதோ அது எழுவாய், யாருக்குப் பிடிக்கிறதோ அவர் நான்காம் வேற்றுமையில் நிற்பார். கி.பி. 1000-ஐ ஒட்டிய பழைய ஆங்கில நற்செய்தி மொழிபெயர்ப்பில், இயேசு ஞானஸ்நானம் பெறும்போது வானத்திலிருந்து வரும் குரல் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. நம் தமிழ் பைபிளில் ‘இவரில் பிரியமாயிருக்கிறேன்’ என்று வரும் இடம் அது. அங்கே ‘நான்’ கிடையாது, ‘எனக்கு’ என்ற பொருளில் ‘மே’ என்றுதான் இருக்கிறது.

ஷேக்ஸ்பியர் காலத்தில் பழைய வழக்கும் புதிய வழக்கும் ஒரே தெருவில் நடமாடின. ஹாம்லெட் வாளைக் கையில் எடுத்துப் பார்த்து ‘திஸ் லைக்ஸ் மீ வெல்’ என்கிறான், ‘இது எனக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது’ என்ற பொருளில். அதே ஆசிரியரின் இன்னொரு நாடகத்தின் தலைப்பே ‘ஆஸ் யூ லைக் இட்’, அது புதிய வழக்கு.

இரண்டையும் வைத்து அவர் விளையாடிய இடம் ஒன்று இருக்கிறது, வகுப்பில் இதைச் சொல்லாமல் நான் விடுவதே இல்லை. ‘தி டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா’வில் ஜூலியா ஆண் வேஷம் போட்டுக்கொண்டு காதலனைத் தேடி வருகிறாள். அவனோ இன்னொரு பெண்ணின் ஜன்னலுக்குக் கீழே இசைக்காரர்களோடு நிற்கிறான். ஜூலியாவின் முகம் வாடுவதைப் பார்த்து, கூட வந்த விடுதிக்காரர் ‘தி மியூசிக் லைக்ஸ் யூ நாட்’ என்கிறார், இசை உனக்குப் பிடிக்கவில்லை போல என்று. அவள் சொல்லும் பதில்: ‘யூ மிஸ்டேக், தி மியூசிஷியன் லைக்ஸ் மீ நாட்.’ பழைய வழக்கில் படித்தால் அந்த இசைக்காரனை எனக்குப் பிடிக்கவில்லை, புதிய வழக்கில் படித்தால் அந்த இசைக்காரனுக்கு என்னைப் பிடிக்கவில்லை. விடுதிக்காரருக்கு முதல் பொருள் போதும், நெஞ்சு உடைந்து நிற்கிறவளுக்கு இரண்டாவதுதான் உண்மை. நூறு வருஷம் முன்னாலோ பின்னாலோ எழுதியிருந்தால் இந்த வரி இவ்வளவு கச்சிதமாக விழுந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

கேள்வி: சரி, ஏன் மாறியது? யாராவது இலக்கணக்காரர் உட்கார்ந்து மாற்றினாரா?

பதில்: யாரும் மாற்றவில்லை. டென்மார்க் அறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன் இதை விளக்க ஒரு வாக்கியத்தைத் தானே கட்டிக் காட்டினார், இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் வருவது அதுதான். ராஜாவுக்குப் பேரிக்காய் பிடித்திருந்தது. பழைய ஆங்கிலத்தில்: ‘தாம் குங்கே லிகொடொன் பெரன்’. ‘தாம் குங்கே’ என்றால் ராஜாவுக்கு. ‘பெரன்’ பேரிக்காய்கள், அதுதான் எழுவாய். வினைமுற்றின் கடைசியில் வரும் ‘ஒன்’ பன்மை விகுதி. பேரிக்காய் பன்மை என்பதால் வினையும் பன்மை.

அப்புறம் சில நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தின் வேற்றுமை உருபுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சொல்லின் கடைசி அசையை அழுத்தாமல் உச்சரித்தது ஒரு காரணம். வடக்கிலும் கிழக்கிலும் வைக்கிங்குகளோடு கலந்து வாழ்ந்ததும் அதை விரைவுபடுத்தியது என்று பலர் கருதுகிறார்கள். ‘தாம் குங்கே’ வெறும் ‘தி கிங்’ ஆகிவிட்டது. ‘ராஜாவுக்கு’ என்பதில் ‘உக்கு’ போய் ‘ராஜா’ மட்டும் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உருபு இல்லாத மொழியில் எழுவாயை எப்படிக் கண்டுபிடிப்பது? நிற்கும் இடத்தை வைத்துத்தான். வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய் என்ற பழக்கம் ஆங்கிலத்தில் இறுகியது. ‘தி கிங் லைக்ட் பேர்ஸ்’ என்பதைக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு ராஜாதான் எழுவாய், பேரிக்காய் செயப்படுபொருள். வார்த்தைகள் நின்ற இடத்திலேயே நின்றன, இலக்கணம் அவற்றுக்கு அடியில் புரண்டுவிட்டது.

இந்த விளக்கம் அழகானது, ஆனால் முழுசாகப் போதாது. வேற்றுமை தெளிவாகத் தெரியும் இடங்களிலும் ‘மீ லைக்கெத்’ (எனக்குப் பிடிக்கிறது) என்பது ‘ஐ லைக்’ என்று மாறியிருக்கிறதே? ‘ஐ’, ‘மீ’ இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள வழியில்லையே? அதோடு உருபுகள் போன பிறகும் பழைய வழக்கு நூற்றாண்டுக் கணக்கில் உயிரோடு இருந்தது. மொழியியலாளர் சிந்தியா ஆலன் 1995-இல் எழுதிய புத்தகத்தில் பழைய பிரதிகளை வரிவரியாகப் பார்த்து இதை விரிவாகக் கேள்வி கேட்டிருக்கிறார். என் கருத்து: ஒரே நாளில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட கதை அல்ல இது. மனிதர்களை முன்னால் நிறுத்திப் பேசும் பழக்கமும் உருபு இழப்பும் சேர்ந்து மெதுவாக இழுத்த இழுப்பு. யெஸ்பெர்சனின் ராஜாவை மட்டும் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதாதீர்கள், ஆலன் எழுப்பிய கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: அப்படியானால் பழைய ஆங்கிலம் அப்படியே நம்முடைய ‘எனக்குப் பிடிக்கும்’தானே அக்கா?

பதில்: பாதி சரி தம்பி. ‘எனக்கு’ என்பது வரை ஒன்று. மறு பாதியைப் பாருங்கள்: ‘எனக்கு அவளைப் பிடித்தது.’ இங்கே ‘அவள்’ இரண்டாம் வேற்றுமையில் இருக்கிறாள், வினையும் ‘பிடித்தாள்’ ஆகவில்லை. அதாவது தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று யாரோடும் ஒத்துப்போவதில்லை. பழைய ஆங்கிலத்தில் பிடித்த பொருள்தான் எழுவாய், வினை அதனோடு ஒத்துப்போகும், பேரிக்காய்க்குப் பன்மை விகுதி வந்ததே அந்த மாதிரி.

இன்னொன்று கவனித்தீர்களா? ‘எனக்கு அவளைப் பிடிக்கும்’ என்கிற அதே ஆள், ஆங்கிலச் சொல்லைப் போட்டுப் பேசினால் ‘நான் அவளை லைக் பண்றேன்’ என்கிறார். ‘எனக்கு லைக் பண்ணுது’ என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலம் புரண்டு முடித்த பிறகுதான் சொல் நம்மிடம் வந்தது, அதனால் ‘நான்’ கூடவே வந்துவிட்டது.

கேள்வி: ‘போல’ என்ற அர்த்தத்தில் வரும் லைக்கும் இந்த லைக்கும் ஒன்றா, தற்செயலா?

பதில்: ஒரே வேர். ஜெர்மானிய மொழிகளில் ‘லீக்’ என்றால் உடல், உருவம். ஒரே உருவம் கொண்டது ‘போல’ ஆயிற்று. உருவத்துக்குப் பொருந்துவது, ஏற்றதாக இருப்பது, அதிலிருந்து உவப்பாக இருப்பது என்று வினை நகர்ந்தது. ‘ஃப்ரெண்ட்லி’ போன்ற சொற்களின் கடைசியில் ஒட்டியிருக்கும் ‘லி’யும் இதே உடல்தான், தேய்ந்து போன வடிவம். இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில் கல்லறை வளாகத்து வாசலில் கூரை போட்ட மண்டபம் ஒன்று இருக்கும், ‘லிச் கேட்’ என்பார்கள், சவப்பெட்டியை இறக்கிவைத்துப் பாதிரியாருக்காகக் காத்திருக்கும் இடம். அந்த ‘லிச்’சும் இதுதான். ஜெர்மனில் பிணத்துக்கு இன்றைக்கும் ‘லைஷ’ என்றுதான் பெயர்.

கேள்வி: லவ்வும் இப்படித் திரும்பியதா?

பதில்: இல்லை. பழைய ஆங்கில ‘லுஃபியன்’ முதலிலிருந்தே காதலிப்பவரைத்தான் எழுவாயாக வைத்திருந்தது.

கேள்வி: லைக் தன் பழைய வேலையை விட்டுவிட்டது என்றால், அந்த வேலையை இப்போது யார் பார்க்கிறார்கள்?

பதில்: ‘பிளீஸ்’. பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘இட் பிளீசஸ் மீ’ என்றால் அது எனக்கு உவப்பாக இருக்கிறது, பழைய லைக்கின் இடம் அப்படியே. இதில் ஒரு வேடிக்கை, பிளீஸும் அதே பாதையில் பாதி தூரம் போய்விட்டது. ‘இஃப் இட் பிளீஸ் யூ’, உங்களுக்கு உவப்பாக இருந்தால், என்பது ‘இஃப் யூ பிளீஸ்’ ஆனது. பிறகு அதுவும் சுருங்கி, இன்று நாம் கடையிலும் போனிலும் சொல்லும் வெறும் ‘பிளீஸ்’ ஆனது. ‘டூ ஆஸ் யூ பிளீஸ்’ என்று சொல்லும்போது ‘யூ’ எழுவாயாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

‘இஃப் யூ லைக்’ என்பதற்கும் இதே கதைதான். ஷேக்ஸ்பியருக்கு இருநூறு வருஷம் முந்திய கவிஞர் சாசர் எழுதிய ‘கான்டர்பரி கதைகள்’ முன்னுரையில் விடுதிக்காரர் பயணிகளைப் பார்த்து ‘இஃப் யூ லைக்கெத்’ என்கிறார், உங்களுக்குப் பிடித்தால் என்று. அந்தக் காலத்தில் எழுவாய் ‘நீங்கள்’ என்பதற்கு ‘யீ’ என்று தனிச்சொல் உண்டு, ‘யூ’ என்றால் உங்களை, உங்களுக்கு. பிறகு ‘யீ’ வழக்கொழிந்து எல்லாவற்றுக்கும் ‘யூ’ வந்ததும், அந்தத் தொடரில் ‘யூ’ எந்த வேற்றுமை என்று கேட்கவே வழியில்லாமல் போனது. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், எஸ்தர் புத்தகத்தில், ‘ஆஸ் இட் லைக்கெத் யூ’ என்று பழைய வடிவமே இருக்கிறது. அந்த மொழிபெயர்ப்பு வந்தபோதே அதன் நடை கொஞ்சம் பழசுதான்.

கேள்வி: ‘ஐ ஆம் லைக்கிங் இட்’ என்று சொன்னதற்கு ஆபீசில் சிரித்தார்கள். தப்பா?

பதில்: சிரித்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். லைக் ஒரு நிலையைக் குறிக்கும் வினை, நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல, அதனால் ‘இங்’ சேராது என்பது பள்ளிக்கூட விதி. பொதுவாகச் சரியான விதிதான், ‘ஐ ஆம் லைக்கிங் காஃபி’ என்று சொல்லாதீர்கள். ஆனால் புது ஊருக்குப் போனவரிடம் ‘ஹவ் ஆர் யூ லைக்கிங் இட்?’ என்று கேட்பது ஆங்கிலம் தாய்மொழியானவர்களிடம் சர்வ சாதாரணம். பிடித்தம் இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது என்ற தொனி அதில் உண்டு. லவ்வுக்கும் அதே விதிதான். ஆனாலும் மெக்டொனால்ட்ஸ் 2003-இல் ‘ஐம் லவ்வின் இட்’ என்று உலகம் முழுக்க விளம்பரம் செய்தது, யாருக்கும் புரியாமல் போகவில்லை.

கேள்வி: இறந்த செய்திக்கு லைக் போடுகிறார்களே, எனக்கு அது பொறுக்கவே மாட்டேன் என்கிறது. சொல்லுக்கு மரியாதை இல்லையா?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, பலருக்கும் அது இருந்திருக்கிறது. ஃபேஸ்புக் லைக் பொத்தானை 2009 பிப்ரவரியில் கொண்டுவந்தது, ஏழு வருஷம் கழித்து 2016-இல் சோகம், கோபம் போன்றவற்றுக்கான முகங்களைச் சேர்த்தது. இடையில் இருந்த வருஷங்களில் சாவுச் செய்திக்கும் அந்த ஒரு கட்டைவிரல்தான் கைவசம் இருந்தது.

ஆனால் அங்கே விழுந்த லைக் வேறு வினை. வழக்கமான லைக் மனசுக்குள் இருக்கும் ஒரு நிலை. இது விரலால் செய்யும் செயல். எத்தனை மணிக்குச் செய்தாய் என்று கேட்கலாம், திரும்ப எடுத்துவிடலாம், ‘லைக் செய்யுங்கள்’ என்று கட்டளையிடலாம். பிடிக்கச் சொல்லி யாரையும் கட்டளையிட முடியாது, இல்லையா? ‘பார்த்தேன், கூட இருக்கிறேன்’ என்பதுதான் அதற்குப் பொருள். நாமும் அதனால்தானோ என்னவோ ‘லைக் போட்டேன்’ என்கிறோம், ஓட்டுப் போடுவதைச் சொல்லும் அதே ‘போடு’ இங்கேயும்.

இதற்கு என்ன பொருள் என்று நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டி வந்தது. அமெரிக்காவில் விர்ஜீனியா மாநிலத்தின் ஹாம்டன் நகரில் 2009-இல் ஷெரிஃப் (சட்டம் ஒழுங்கு அதிகாரி) பதவிக்குத் தேர்தல். ஷெரிஃப் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் ஒருவர், எதிர் வேட்பாளரின் ஃபேஸ்புக் பக்கத்தை லைக் செய்திருந்தார். தேர்தலுக்குப் பிறகு அவருக்கும் வேறு சிலருக்கும் வேலை போனது, வழக்குப் போட்டார்கள். ஒரு பக்கத்தை லைக் செய்தது மட்டும் பேச்சுரிமைப் பாதுகாப்பு பெறும் அளவுக்குப் பேச்சு ஆகாது என்று 2012-இல் கீழ் நீதிமன்றம் சொன்னது. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, வீட்டு முன்னால் கட்சிப் பலகை நட்டுவைப்பதற்குச் சமம் இது, இதுவும் பேச்சுதான் என்றது. எனக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்புதான் சரியாகப் படுகிறது, மொழி தெரிந்த யாரும் அந்தச் செயலை வேறு விதமாகப் படித்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: பழைய வழக்கு இன்றைக்கு எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா?

பதில்: ஐஸ்லாந்தில் இருக்கிறது. ‘மியேர் லீகர்’ என்றால் எனக்குப் பிடிக்கிறது, ஆங்கில லைக்கின் உடன்பிறந்த சொல், ‘எனக்கு’ விலகவே இல்லை. ஜெர்மனில் சொல் வேறு, ‘எஸ் கெஃபெல்ட் மியர்’, அமைப்பு அதேதான்.

ஆங்கிலத்துக்குள்ளேயே கேட்டால், லைக்கில் இல்லை, அதன் பழைய கூட்டாளிகளிடம் தேட வேண்டும். ‘மீதிங்க்ஸ்’ என்று நாடகங்களில் வருமே, அது ‘மீ’ என்ற எனக்கும், தோன்றுவது என்ற பொருள் கொண்ட ‘தின்கன்’ என்ற வினையும் ஒட்டிய சொல், ‘எனக்குத் தோன்றுகிறது’. நினைப்பதைக் குறிக்கும் ‘திங்க்’ அதற்குப் பக்கத்து வீட்டுச் சொல், இரண்டும் ஒலியில் கலந்துவிட்டன. ‘வாட் எய்ல்ஸ் யூ’ என்பதும் புரளாமல் தப்பித்தது, உடம்புக்கு என்ன என்று கேட்பதற்கு. ‘மீ ஹங்கரெத்’, எனக்குப் பசிக்கிறது, மட்டும் தப்பவில்லை. அது ‘ஐ ஹங்கர்’ ஆகி, இப்போது ‘ஐ ஆம் ஹங்ரி’ என்பதற்கு வழிவிட்டு ஓரமாக நிற்கிறது.