லேசாகப் பட்டாலே தோல் கன்றிப்போகிறதா?

கேள்வி: எனக்கு வயது 58. எங்கும் பலமாக இடித்துக்கொண்ட நினைவில்லை, ஆனால் கைகளில் நீலத் திட்டுகள் வருகின்றன. பல் துலக்கினால் ஈறில் ரத்தம். சிட்ரஸ் ஃபிளேவனாய்டு (எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பழங்களில் உள்ள இயற்கைப் பொருள்) மாத்திரை நுண்ணிய ரத்தக்குழாய்களை வலுவாக்கும் என்கிறார்களே, சாப்பிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ரத்தம் ஏன் கசிகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

தந்துகி எனப்படும் மிக நுண்ணிய ரத்தக்குழாயின் சுவர் ஒரே ஒரு செல் அடுக்குதான். அதைச் சுற்றித் தாங்கிப் பிடிப்பது கொலாஜன் என்ற புரதம். கொலாஜன் இழைகள் உறுதியாக முறுக்கிக்கொள்ள வைட்டமின் சி கட்டாயம் வேண்டும். நாளுக்கு 10 மில்லிகிராமுக்கும் குறைவாக ஒன்று முதல் மூன்று மாதம் போனால் ஸ்கர்வி என்ற குறைபாட்டு நோய் தலைகாட்டும்: ஈறு வீங்கி ரத்தம் வரும், கால்களில் முடியின் வேர்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் தோன்றும், முடி சுருண்டு வளரும், புண் ஆறாது. பழைய காலத்து மாலுமிகளின் நோய் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். பழம், காய்கறி பக்கமே போகாதவர்கள், மெல்ல முடியாத முதியவர்கள், அதிகம் குடிப்பவர்கள் இன்றும் இதில் சிக்குகிறார்கள். புகைப்பவர்களுக்கு வைட்டமின் சி தேவையே கூடுதல். நல்ல வேளையாக, வைட்டமின் சி கொடுத்தால் கசிவு சில நாட்களிலேயே குறையத் தொடங்கும்.

சரி, ஃபிளேவனாய்டு? 1936-ல் ஹங்கேரிய விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜியின் குழு, எலுமிச்சையிலும் மிளகாய் வகையிலும் கிடைத்த இந்தப் பொருட்கள் தந்துகிக் கசிவைக் குறைப்பதாகச் சொல்லி, தனி வைட்டமினாகவே பெயரிட்டது. 1950 வாக்கில் அந்தத் தகுதி கைவிடப்பட்டது, ஏனென்றால் இவை இல்லாததால் வரும் நோய் என்று எதுவும் நிரூபணமாகவில்லை. டயோஸ்மின், ஹெஸ்பெரிடின் என்ற ஃபிளேவனாய்டுகள் கலந்த மாத்திரைகளைக் கால் சிரை நோய்க்கும் மூலத்துக்கும் மருத்துவர்கள் தருவதுண்டு. அது வேறு பிரச்சினை. வைட்டமின் சி குறைபாட்டை இவை ஈடுகட்டாது. ஆரஞ்சு போன்ற பழத்தை முழுதாகச் சாப்பிடுங்கள், தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதியையும் கொஞ்சம் சேர்த்து. ஹெஸ்பெரிடின் அங்கேதான் அதிகம். ஆனால் கிரேப்ஃப்ரூட் (திராட்சை அல்ல, பம்ளிமாஸ் போன்ற சிட்ரஸ் பழம்) மட்டும் சில கொலஸ்ட்ரால், ரத்த அழுத்த மருந்துகளின் அளவை உடலில் ஏற்றிவிடும். மருந்து எடுப்பவர் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

உங்கள் வயதில் நான் இன்னும் சிலவற்றைச் சந்தேகிப்பேன். ஆஸ்பிரின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா? வெயிலில் மெலிந்த முன்கைத் தோலில் வரும் திட்டுகள் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. நீண்ட நாள் ஆன்டிபயாடிக் எடுத்தாலோ கொழுப்பு சரியாகச் செரிக்காவிட்டாலோ வைட்டமின் கே குறையும்; அப்போது குழாய் நன்றாக இருந்தும் ரத்தம் உறைவதில்தான் கோளாறு. ஈறு ரத்தத்துக்கு வெறும் ஈறு அழற்சியே காரணமாக இருப்பதுதான் மிகச் சாதாரணம். அதனால் பல் மருத்துவரையும் பாருங்கள்.

தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) சேர்ந்த முழு ரத்தப் பரிசோதனையும், ரத்தம் உறையும் நேரமும் பார்த்துவிடுங்கள். எடுக்கும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள், ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். அழுத்தினால் மறையாத சிவப்புப் புள்ளிகள் திடீரெனப் பரவினால், காய்ச்சல் சேர்ந்தால், மலம் கறுத்தால், மூக்கில் ரத்தம் நிற்காவிட்டால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.