9,000 ரூபா குடுத்து அந்த 1930 காப்பி வாங்கணுமா?

வாசகர் கேட்டது இதுதான்: "சார், முதல் உலகப்போர்ல டிரெஞ்சுக்குள்ள (பதுங்குகுழி) கிடந்த சாதாரண பிரிட்டிஷ் சிப்பாய் என்ன சாப்பிட்டான், எப்படித் தூங்கினான்னு படிக்க ஆசை. ஆன்லைன்ல ஒருத்தர் 'ஹெர் பிரைவேட்ஸ் வீ' 1930 ஃபர்ஸ்ட் எடிஷன் இருக்கு, 9,000 ரூபா, அட்வான்ஸ் போடுங்கன்றார். வாங்கலாமா?"

வேணாம். அட்வான்ஸும் போடாதீங்க.

அந்தப் போரைப் பத்தின நாவல் அது, நல்ல புக்கு, அதுல சந்தேகமே இல்ல. எழுதினவர் ஃப்ரெடரிக் மேனிங், 1916ல பிரான்ஸ்ல நடந்த சோம் போர்ல அடிமட்ட சிப்பாயா இருந்தவர். 1929ல 'த மிடில் பார்ட்ஸ் ஆஃப் ஃபார்ச்சூன்'ன்ற பேர்ல, சந்தா கட்டினவங்களுக்கு மட்டும் 500 சொச்சம் காப்பி போட்டாங்க, சிப்பாய்ங்க வாயில வர்ற கெட்ட வார்த்தையெல்லாம் அப்படியே இருந்துச்சு. அடுத்த வருஷம் கடைக்கு விடும்போது அதையெல்லாம் வெட்டி, தலைப்பையும் மாத்தி 'ஹெர் பிரைவேட்ஸ் வீ' ஆக்கிட்டாங்க. முழுசா எல்லார் கைக்கும் வந்தது 1977லதான். ஆக அந்த ஆள் உங்ககிட்ட விக்கப் பாக்குறது கத்தரி போட்ட காப்பி. நிஜமாவே 1930 காப்பியா இருந்தா சேகரிக்கிறவங்களுக்கு மதிப்பு, சிப்பாய் எப்படிப் பேசினான்னு தெரிஞ்சுக்கணும்னு கேக்குற உங்களுக்கு இல்ல.

இதுல ஒரு குழப்பம் இருக்கு, பொறுமையா கேளுங்க. 'ஹெர் பிரைவேட்ஸ் வீ'ன்னு போட்டிருந்தாலே வெட்டின காப்பின்னு முடிவு பண்ணிடாதீங்க. பின்னாடி வந்த ரீபிரிண்ட்ல சிலது பழைய பேரை வச்சுக்கிட்டே முழு டெக்ஸ்டை போட்டிருக்கு. அதனால அட்டையைப் பாக்காதீங்க, முன்னுரையில வெட்டாத பதிப்புன்னு சொல்லியிருக்கா பாருங்க, இல்லன்னா சிப்பாய்ங்க சண்டை போடுற பக்கம் ஒண்ணைப் பொரட்டுங்க, அந்த நாலெழுத்து வார்த்தை இருந்தா முழுசு, பூசி மெழுகியிருந்தா வெட்டினது. இன்னொண்ணு, 1930ல வந்தப்போ ஆத்தர் பேரே கிடையாது, 'பிரைவேட் 19022'ன்னு அவரோட சிப்பாய் நம்பர் மட்டும்தான் (பிரைவேட்னா கடைநிலை சிப்பாய்). தலைப்புப் பக்கத்துல மேனிங் பேரோட ஒருத்தர் "ஒரிஜினல் 1930"ன்னு நீட்டினா வாசலைக் காட்டிடுங்க.

மேனிங் 1935லயே செத்துட்டார், நம்ம நாட்டு சட்டப்படி ஆத்தர் செத்து 60 வருஷத்துல காப்பிரைட் முடிஞ்சுடும். அதனாலதான் இந்த பிரிண்ட் ஆன் டிமாண்ட் கூட்டம் (ஆர்டர் வந்தப்புறம் அச்சடிச்சுக் குடுக்குறவங்க) மொய்க்குது. நான் ஒருதடவை இதே காலத்து புக்கு ஒண்ணு அப்படி வாங்கி ஏமாந்தேன்: பக்கமெல்லாம் கோணலா ஸ்கேன், ஒரு பக்கத்துல ஸ்கேன் பண்ணவனோட கட்டைவிரல், மேப்பை விரிக்காம மடிச்சது மடிச்சபடியே எடுத்திருக்கான், போர் நடந்த ஊரே மடிப்புக்குள்ள போயிடுச்சு. சரி, லைப்ரரியில கேக்கலாம்னு போனா கைடும் போட்டித் தேர்வு புக்கும் அடுக்கி வச்சிருக்காங்க, இந்த மாதிரி புக்குக்கு ரெக்வஸ்ட் எழுதிக் குடுத்தா அந்தப் பேப்பர் எங்க போகுதுன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

சரி, எதைத்தான் படிக்கிறது? ஃப்ராங்க் ரிச்சர்ட்ஸ் எழுதின 'ஓல்ட் சோல்ஜர்ஸ் நெவர் டை' (1933). போருக்கு முன்னாடியே இந்தியாவுலயும் பர்மாவுலயும் பட்டாளத்துல இருந்த ஆள், போர் முழுக்க முன்னணியில கிடந்தும் புரமோஷனே வேணாம்னுட்டு பிரைவேட்டாவே இருந்தார். புக்குல பாதி சோறு, ரம், சீட்டாட்டம், திட்டு. ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்ஸ்ன்ற ரெஜிமென்ட்ல இவர் இருந்த அதே ரெண்டாவது பட்டாலியன்ல கவிஞருங்க ராபர்ட் கிரேவ்ஸ், சீக்ஃப்ரீட் சசூன் ரெண்டு பேரும் ஆபீசரா இருந்தாங்க. அவங்களும் எழுதினாங்க, அதைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா ஆபீசருக்கு எடுபிடி வேலைக்கு தனி ஆள், விஸ்கி எல்லாம் உண்டு. சிப்பாய்க்கு டின் மாட்டுக்கறி, பிளம் ஆப்பிள் ஜாம், பெட்ரோல் டின்ல வந்த தண்ணியில போட்ட டீ, குடிச்சா பெட்ரோல் நாத்தம். ஓய்வு நேரத்துல சட்டைத் தையல் ஓரமா மெழுகுவத்தி நெருப்பைக் காட்டி பேன் பொசுக்குவாங்க. இன்னொண்ணு, நாலு வருஷமும் குழிக்குள்ளயே கிடக்கல, சில நாள் முன் வரிசை, அப்புறம் பின்னாடி போயி மண்வெட்டி புடிக்கணும், சுமை தூக்கணும், அதுக்குப் பேரு ஓய்வு.

ரிச்சர்ட்ஸை முடிச்சுட்டு அதே பட்டாலியன் டாக்டர் டன் தொகுத்த 'த வார் த இன்ஃபன்ட்ரி நியூ' (1938) பாருங்க. குண்டு புக்கு, ஒரே மூச்சுல படிக்காதீங்க, தேதி பாத்து புரட்டுங்க. சசூன் பேரையெல்லாம் மாத்தி நாவல் மாதிரி எழுதினவர், அவர்கிட்ட தேதி தேடாதீங்க.

அந்த 9,000 ரூபா ஆள் திரும்ப மெசேஜ் போட்டா, தலைப்புப் பக்கத்தையும் அதுக்குப் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அனேகமா அனுப்ப மாட்டார்.