200 டிகிரி நீரில் கரைந்த அசிட்டோன் எவ்வளவு இடம் பிடிக்கும், அதை எப்படி அளப்பது?

நீங்கள் ஆய்வுப் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர், கைடு கருவியைக் காட்டிவிட்டு வெளியூர் போய்விட்டார் என்று நினைத்துக்கொள்கிறேன். என் கதையும் அதுதான்.

200 டிகிரியில் 16 பார், 300 டிகிரியில் 86 பார் அழுத்தம் இருந்தாலே நீர் கொதிக்காது. கனஅளவை யாரும் நேராக அளப்பதில்லை, அடர்த்தியிலிருந்து கணக்கிடுகிறோம். வளைந்த உலோகக் குழாயில் கரைசலை ஓடவிட்டு அதிரச் செய்தால், உள்ளே கனம் கூடக் கூட அதிர்வு மந்தமாகும். அதிர்வு நேரத்தின் வர்க்கம் அடர்த்தியோடு நேர்கோட்டில் ஏறும். அதே சூட்டில், அதே அழுத்தத்தில் நைட்ரஜனையும் சுத்த நீரையும் ஓட்டி அளவுதிருத்தம் செய்ய வேண்டும்.

எனக்குச் சூட்டுக்குப் போகும் முன்பே அடி விழுந்தது. 25 டிகிரியில் அசிட்டோனுக்கு மோலுக்குச் சுமார் 67 கன செ.மீ. வர வேண்டும். எனக்கு அரை கன செ.மீ. குறைந்தது, அதுவும் நாளுக்கொரு எண். 0.1 மோலல் (ஒரு கிலோ நீருக்கு 0.1 மோல்) கரைசலின் அடர்த்தியில் கன மீட்டருக்கு 10 கிராம் பிசகினாலே கனஅளவு 0.1 கன செ.மீ. தவறிவிடும் என்பதால் கருவியைத்தான் சந்தேகப்பட்டேன். பம்ப்பைக் கழற்றினேன், சீலை மாற்றினேன். மூன்று வாரம் போயிற்று.

தப்பு என் கையில். குழாயில் குமிழி வரக்கூடாது என்று, கலந்து முடித்த கரைசலை வெற்றிடத்தில் வைத்துக் காற்றை எடுத்திருக்கிறேன். காற்றோடு அசிட்டோனும் போயிருக்கிறது! முதலில் நீரிலிருந்து காற்றை எடுங்கள், அப்புறம் அசிட்டோனை எடைபோட்டுச் சேருங்கள். இது கூடத் தெரியாதா என்று கேட்பவர்களுக்கு: தெரியவில்லை, செய்முறைக் குறிப்பில் எழுதியிருக்கவும் இல்லை.

கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டால் போதாதா என்றும் ஒருவர் வருவார். நீரின் மாறுநிலைப் புள்ளி, அதாவது நீர், ஆவி என்ற வேறுபாடே மறையும் இடம், 374 டிகிரி. அதை நெருங்க நெருங்க அசிட்டோன் போன்றவற்றின் கனஅளவு எல்லையின்றி மேலே ஏறும், உப்பினுடையது எல்லையின்றிக் கீழே இறங்கும். அந்தக் கணக்கு சரியா என்று பார்க்கவும் அளந்த எண்தானே வேண்டும்?

சீலுக்கு என் கைக்காசுதான் போட்டேன். பில் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. "ஒரிஜினல் ரசீது எங்கே?" என்கிறார்கள் அலுவலகத்தில். அவர்களிடம்தான் இருக்கிறது.