மழைநீர் வடிகால் மேல் கார் ஏறப் பக்கத்து வீட்டுக்காரர் கான்கிரீட் சரிவு போட்டிருக்கிறார். புகார் கொடுத்தால் பகை வருமா?

கொடுங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் வீட்டையும் ஒருதரம் அளந்து பாருங்கள். அதைச் செய்யாமல் போய் நின்றவள் சொல்கிறேன்.

சென்னை ஆதம்பாக்கத்தில் 30 வருஷமாக இருக்கிறோம். 2015 டிசம்பரில் ஹாலில் இடுப்பளவு தண்ணீர். பேய்மழை, வாஸ்தவம்தான். ஆனாலும் பக்கத்துத் தெரு இரண்டு நாளில் வடிந்தது, எங்களுக்கு ஐந்து நாள் ஆனது. பின்பக்கம் ஓடும் வாய்க்கால் கரைமேல் ஒருத்தர் மதில் எழுப்பியிருந்தார். அந்த வருஷம் தூர் வார வந்த பொக்லைன் நிற்க இடமில்லாமல் முனையிலேயே திரும்பிப் போனதை நானே பார்த்தேன். தண்ணீர் ஓட அகலம் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். வண்டலை அள்ளக் கரை வேண்டாமா?

டவுன் சர்வே ஸ்கெட்ச்சை எடுத்துக்கொண்டு கோபமாகப் போனேன். அவர் சண்டைக்கு வரவில்லை. உள்ளே போய் டேப்பை எடுத்து வந்து, "அக்கா, ஒரு முனையை நீங்க பிடிங்க" என்றார். எங்கள் துவைக்கிற கல்லும் அதன் மேடையும் வாய்க்கால் புறம்போக்கில் ஒன்றரை அடி உள்ளே இருந்தன. மாமனார் காலத்தில் போட்டது. அந்த வாரமே ஆள் வைத்து உடைத்தேன். சிமெண்டுக்கு அடியில் பழைய கரைக்கல் வரிசை கலையாமல் இருந்தது. அடுத்த மாதம் அவரும் மதிலைத் தள்ளிக் கட்டினார்.

எல்லோரும் அப்படி இறங்கி வர மாட்டார்கள், தெரியும். வடிகால் என்றால் சென்னை மாநகராட்சியின் புகார் எண் 1913க்குப் போன் செய்து, அவர்கள் தரும் புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் புறம்போக்கு என்றால் தாசில்தாரிடம் மனு. 1905ஆம் வருஷ ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம்.

குடிசைகளை இடிக்கச் சொல்கிறாயா என்று யாரும் பாய வேண்டாம். பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் இரண்டடிக்கு ஆசைப்படும் எங்களைப் போன்றவர்களைத்தான் சொல்கிறேன். பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டார்களே, அதை விடவா குடிசைகள் தண்ணீரை மறித்துவிட்டன?

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனசு ஆறவில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போடுகிறார்கள். மூன்று படி ஏறிப் போன எங்கள் வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சரிவு போட்டதற்கும் அதுதான் காரணமோ என்னவோ.

அதனால் முதலில் அவரிடம் பேசுங்கள். கான்கிரீட்டுக்குப் பதிலாகக் கழற்றி எடுக்கிற இரும்புத் தகடு போட்டால் காரும் ஏறும், வடிகால் மூடியைத் திறந்து வண்டலும் அள்ளலாம். ஐப்பசி பிறப்பதற்குள் பேசிவிடுங்கள்.