வாக்குச்சாவடிப் பணி: மக்களவைத் தேர்தல் கேள்வி பதில்

சார், முதல் தடவையா தலைமை அலுவலர் டூட்டி. மாதிரி வாக்குப்பதிவுல எங்கே தப்பு நடக்கும்?

கடைசிப் படியில். இயந்திரம் சரியா என்று பார்க்கும் இந்த ஒத்திகையை வாக்குப்பதிவுக்கு 90 நிமிடம் முன்பே வேட்பாளர்களின் ஏஜெண்டுகளை வைத்துத் தொடங்குங்கள். குறைந்தது 50 ஓட்டு; நோட்டா உட்பட ஒவ்வொரு பட்டனுக்கும் ஒன்றாவது விழ வேண்டும். பிறகு கட்டுப்பாட்டுக் கருவியில் (அலுவலரிடம் இருக்கும், ஓட்டுக் கணக்கு வைக்கும் கருவி) குளோஸ் (முடி), ரிசல்ட் (கணக்கைக் காட்டு), கிளியர் (அழி) பட்டன்கள், இதே வரிசையில். ரிசல்ட்டை விவிபேட் (விழுந்த ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) சீட்டுகளோடு ஒப்பிடும்போது "50 ஓட்டுக்கு 57 சீட்டா?" என்று ஏஜெண்ட் குதிப்பார். இயந்திரத்தை ஆன் செய்ததும் விழுந்த 7 சோதனைச் சீட்டுகள் அவை. தனியே எடுத்துக் காட்டுங்கள். கிளியர் அழுத்தியபின் மொத்தம் பூஜ்யம் என்று ஏஜெண்டுகள் கண்ணால் பார்க்கட்டும். சீட்டுகளை எடுத்துக் கறுப்பு உறையில் வைத்து, பெட்டி காலி என்று காட்டியபிறகே சீல். கிளியரை மறக்காதீர்கள்.

விவிபேட் பிழை காட்டுது, மாத்தணுமா?

முதலில் பின்பக்கக் குமிழைப் பாருங்கள். படுக்கையாக இருந்தால் இன்னும் பயண நிலையிலேயே இருக்கிறது, நிமிர்த்துங்கள். ஜன்னல் வெயிலும் பல்பு வெளிச்சமும் நேரே படும் இடத்தில் வைக்காதீர்கள். கேபிளைத் தொடும் முன் கட்டுப்பாட்டுக் கருவியை ஆஃப் செய்யுங்கள். வாக்குப்பதிவின் நடுவில் விவிபேட் மட்டும் பழுதென்றால் அதை மட்டும் மாற்றலாம். மற்ற இரண்டில், அதாவது கட்டுப்பாட்டுக் கருவி அல்லது பட்டன்கள் உள்ள வாக்களிப்புக் கருவியில், எது பழுதானாலும் மூன்றையும் சேர்த்து மாற்றி, பட்டனுக்கு ஒரு ஓட்டு வீதம் மறுபடி மாதிரி.

50 ஓட்டு கட்டாயமா சார்?

முதல் பதில்.

என் ஓட்டை வேற யாரோ போட்டுட்டுப் போயிட்டா?

அடையாளம் உறுதியானால் 49P விதிப்படி காகித வாக்குச்சீட்டு தருவார்கள். அது உறைக்குள் போகும், இயந்திரத்தில் சேராது.

ஓட்டுப் போட்டவங்களைக் குறிக்கிற 17ஏ பதிவேட்டில் 612 பேர், இயந்திரத்தில் 662 ஓட்டு. இது மோசடி இல்லாம என்ன?

வித்தியாசம் சரியாக 50. காலையில் கிளியர் அழுத்தவில்லை.

எல்லாத்துக்கும் ஒரு சாக்கு வச்சிருக்கீங்க!

சாக்கு என்றால் சரிபார்க்க வழி இருக்காது. மாதிரிப் பதிவில் யாருக்கு எத்தனை விழுந்தது என்ற சான்றிதழில் உங்கள் ஏஜெண்டின் கையெழுத்தும் இருக்கிறது, கழித்துப் பாருங்கள். அப்படிப்பட்ட கருவியை எண்ணாமல் ஒதுக்கி வைப்பார்கள். வெற்றி வித்தியாசம் அதிலுள்ள ஓட்டைவிடக் குறைந்தால் விவிபேட் சீட்டுகளை எண்ணுவார்கள். பதிவான ஓட்டுகளின் கணக்கான 17சி படிவத்தின் நகலை வாங்காமல் சாவடியை விட்டுப் போன ஏஜெண்டுதான் பிறகு அதிகம் கத்துவார்; அதை வாங்கச் சொல்லுங்கள்.

வேட்பாளர் 100 பேர் நின்னா?

ஒரு வாக்களிப்புக் கருவிக்கு 16 பெயர். எம்3 வகை வாக்குப்பதிவு இயந்திரத்தில் 24 வரை இணைக்கலாம், நோட்டாவோடு 384. 2019இல் நிஜாமாபாத்தில் 185 பேர். 12 கருவி வைத்தார்கள்.

நோட்டா முதலிடம் வந்தா?

அடுத்து அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார்.

6 மணிக்கு வரிசை நின்னா?

கடைசி ஆளிடமிருந்து டோக்கன் கொடுத்துக்கொண்டே முன்னால் வாருங்கள். முன்னாலிருந்து கொடுத்தால் பின்னால் ஆள் சேர்ந்துகொண்டே இருக்கும்.

மாதிரி ஓட்டு எத்தனை சார்?

50, 50, 50. கேட்க வேண்டியது இன்னொன்று: மாலை கடைசி ஓட்டு விழுந்ததும் குளோஸ் அழுத்தினீர்களா? அழுத்தாவிட்டால் எண்ணும் நாளில் ரிசல்ட் பட்டன் வேலை செய்யாது.