"அந்த நேரத்தில் அவன் என் கடையில்தான் இருந்தான்"

கேள்வி: எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். போன மாதம் கொடிக்கம்பம் நடுவதில் இரண்டு கட்சிக்காரர்களுக்குள் வந்த தகராறு, இரண்டே நாளில் கீழத்தெரு, மேலத்தெரு சண்டையாக மாறிவிட்டது. ஒரு ராத்திரி எங்கள் தெருவில் இரண்டு மோட்டார் சைக்கிளையும் ஒரு வைக்கோல் போரையும் கொளுத்திவிட்டார்கள். போலீஸ் அடுத்த தெருப் பையன்கள் சிலரைப் பிடித்துப் போயிருக்கிறது. அதில் ஒருவன், தீப்பிடித்த நேரத்தில் என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். டீக்கும் பன்னுக்கும் போனில்தான் காசு அனுப்பினான். கூச்சல் கேட்டு என்னோடுதான் எழுந்து வந்து பார்த்தான். இதை நான் சொன்னால் "நம்ம தெருவுக்குத் துரோகம்" என்கிறார்கள். கடைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று கணவர் பயப்படுகிறார். இதற்கிடையில் என் கொழுந்தனார் மகன், "அடுத்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடிக்க வர்றாங்க" என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பியிருக்கிறான். பலபேர் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாள் கடையை மூடிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விடலாமா? அடுத்த வாரம் தாசில்தார் அமைதிக் கூட்டம் வைத்திருக்கிறார். நான் சாதாரண ஆள். இந்த நேரத்தில் என் கடமைதான் என்ன?

பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரி,

சொல்ல வேண்டும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

ஊர் கலவரப்படும்போது செய்ய வேண்டிய காரியங்கள் நிறைய இருக்கும். அதில் பலவற்றை யார் வேண்டுமானாலும் செய்யலாம். சமாதானம் பேச ஆள் கிடைப்பார்கள், நிதி திரட்ட ஆள் கிடைப்பார்கள். ஆனால் அந்தப் பையன் அந்த நேரத்தில் எங்கே இருந்தான் என்பதை உங்களைப்போல் கூட இருந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும். அதனால்தான் இது உங்கள் கடமையாகிறது. துரோகம் என்கிறார்களே, அவர்களிடம் ஒன்று கேளுங்கள். வண்டி எரிந்தது நம் தெருக்காரருடையது. தவறான ஆள் உள்ளே இருக்கும்வரை கொளுத்தியவன் வெளியேதானே இருப்பான்? வண்டியைப் பறிகொடுத்தவருக்கு அதில் என்ன லாபம்?

ஆனால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "அவன் நல்ல பையன், இதெல்லாம் செய்யமாட்டான்" என்று சேர்க்காதீர்கள். அது உங்கள் அபிப்பிராயம். யார் கொளுத்தினார்கள் என்று நீங்கள் பார்க்கவில்லை, அதனால் அதைப்பற்றி ஊகமும் வேண்டாம். எத்தனை மணிக்கு வந்தான், எங்கே உட்கார்ந்தான், நடுவில் எழுந்து போனானா, கூச்சல் கேட்டபோது எங்கே நின்றான், அப்போது கடையில் வேறு யார் இருந்தார்கள். இவ்வளவுதான். மணி சரியாகத் தெரியாவிட்டால் தெரிந்த அடையாளத்தை வைத்துச் சொல்லுங்கள். கடைசி டவுன் பஸ் போன பிறகா, முன்பா? கடைக்கு எதிர்வீட்டில் எந்த சீரியல் ஓடியது? டீக்கடைக்காரருக்கு நேரம் இப்படித்தான் நினைவில் நிற்கும், நீதிமன்றத்துக்கும் அது புரியும். இன்று ராத்திரியே ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். நாள் போகப் போக ஊரார் பேச்சும் நம் ஞாபகமும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு விஷயம் இருக்கிறது. போனில் காசு அனுப்பினான் என்கிறீர்கள். அந்தப் பணம் வந்த தேதி, மணி, நிமிஷம் எல்லாம் உங்கள் கணக்கில் பதிவாகியிருக்கும். அந்தத் தகவலை அழிக்காதீர்கள். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். வங்கியில் அந்த மாதத்து ஸ்டேட்மென்ட் வாங்கி வையுங்கள். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் காட்ட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்று தேவைப்படும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கியூஆர் கோடின் படம் கையில் இருந்தால் எங்கிருந்தும் காசு அனுப்பலாமே என்று அரசுத் தரப்பு வக்கீல் கேட்பார். அதனால் பதிவு மட்டும் போதாது, உங்கள் கண்ணும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கனம்.

யாரிடம் சொல்வது? வழக்கை விசாரிக்கும் அதிகாரியிடம். ஸ்டேஷனுக்குப் போகக் கூச்சமாக இருந்தால் போக வேண்டியதில்லை. சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக்கூடாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு சொல்கிறது. 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் அதே சலுகைதான். அன்றைக்குக் கடையில் பெரியவர் யாராவது இருந்திருந்தால் அவரிடமும் இதைச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டு போவார்கள். அந்த வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து தேவையில்லை, வாங்கவும் கூடாது. விசாரணை அதிகாரி கேட்கத் தயாராக இல்லையென்றால், இதையே ஒரு பக்கத்தில் எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். ஒரு நகல் அந்தப் பையனின் வக்கீலுக்கு. அவர் உங்களை எதிரித் தரப்பு சாட்சியாக அழைக்க முடியும். "எதிரித் தரப்பு" என்றதும் பதறாதீர்கள், குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வக்கீலிடம் கலந்து பேச வேண்டுமென்றால் 15100-க்குப் போன் செய்து மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக உதவுவார்கள். காவலில் இருக்கும் அந்தப் பையனுக்கும் அந்த உரிமை உண்டு. அவன் அம்மாவுக்கு இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

உண்மையைச் சொன்னால் நீதி கிடைத்தே தீரும் என்று உங்களிடம் பூசி மெழுக மாட்டேன். நம் கீழத்தஞ்சையில் அப்படிப் பேசினால் யாரும் நம்பவும் மாட்டார்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதில் தொடங்கிய பகை அது. நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் விடுவித்தது. பார்த்தவர்கள் சொல்லியும் அப்படித்தான் முடிந்தது. ஆனாலும் அந்த மக்கள் சொன்னதால்தான் அது இன்றுவரை பதிவில் இருக்கிறது, தீர்ப்பை நம்மால் கேள்வி கேட்க முடிகிறது. உங்கள் விஷயம் அதைவிட எளிது. ஒரு பையனுக்கு ஜாமீன் கிடைப்பதும், நாளைக்கு அவன் படிப்போ வேலையோ நிலைப்பதும் உங்கள் ஒரு பக்க வாக்குமூலத்தைப் பொறுத்திருக்கலாம்.

மிரட்டல் வந்தால்? கடுமையான வழக்குகளில் சாட்சிகளுக்கான பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் நாடு முழுவதும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு கொடுக்க வேண்டும். யார், எப்போது, என்ன சொன்னார் என்பதை அதே நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். அவசரமென்றால் 112.

உங்கள் கணவரைக் கோழை என்று நினைக்காதீர்கள். அவர் பயம் நியாயமானது. ஊர்க்கட்டுப்பாடு என்றால் என்னவென்று நம் பக்கத்து ஆண்களுக்கு நன்றாகத் தெரியும். டீத்தூளுக்கும் பாலுக்கும் கடன் சொல்லியிருக்கும்போது பத்து நாள் வியாபாரம் படுத்தால் குடும்பம் ஆடிப்போகும். அதனால் அவரிடம் சண்டை போடாமல், வாக்குமூலம் கொடுக்கும்போது பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். கூடவே, எரிந்த வண்டியின் சொந்தக்காரரிடம் ஊரார் போய்ச் சொல்வதற்கு முன்னால் நீங்கள் இருவரும் போய்ச் சொல்லுங்கள். "உங்க வண்டியை எரிச்சவனைக் காப்பாத்த வரலை, நான் பார்த்ததைச் சொல்றேன்" என்று நேரில் சொன்னால், வேறு வாய்வழியாகக் கேட்பதைவிடக் கசப்பு குறையும். எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள் என்று சொல்லவில்லை. ஒருவர் ஏற்றுக்கொண்டாலும் கட்டுப்பாடு பலவீனப்பட்டுவிடும்.

கடையை மூட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஊரில் 144 என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். 2024 ஜூலையிலிருந்து அது அதே புதிய நடைமுறைச் சட்டத்தின் 163-ஆம் பிரிவு. அப்படி உத்தரவு போட்டிருந்தால் நகலை வாங்கிப் படியுங்கள். கூட்டம் கூடுவது, ஊர்வலம், ஆயுதம் எடுத்துப் போவது போன்றவற்றைத்தான் பெரும்பாலும் தடுப்பார்கள். கடையைத் திறக்கக்கூடாது என்றால் அதுவும் எழுத்தில் இருக்கும். இல்லாவிட்டால் திறந்து வையுங்கள், ராத்திரி மட்டும் சீக்கிரம் அடைத்துவிடுங்கள். இரண்டு தெருக்காரர்களுக்கும் அதே பெஞ்ச், அதே கிளாஸ்.

யாராவது வேதாரண்யம் வைரப்பன் கதையைச் சொல்லி உங்களை மடக்கலாம். 1930 உப்புச் சத்தியாகிரகத்தின்போது, தான் சவரம் செய்துகொண்டிருந்த ஆள் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியைக் கீழே வைத்தவர் அவர். "அவரே மறுத்தார், நீயும் அந்தத் தெருக்காரனுக்கு டீ கொடுக்காதே" என்பார்கள். அவர் மறுத்தது தடியெடுத்து வந்த அரசாங்கத்துக்கு. பக்கத்துத் தெருவில் நாற்று நடுகிறவருக்கு மறுப்பது வேறு கணக்கு. அதே 1930-இல், ராஜாஜியோடு திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் அறிவித்தார். வழியிலிருந்த சனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். டெல்டாவில் எடுத்துக்காட்ட வேண்டுமென்றால் அதையும் எடுத்துக்காட்டலாம்.

கொழுந்தனார் மகன் விஷயம் அவசரம். இந்தக் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். 2016 செப்டம்பரில் காவிரித் தண்ணீருக்காக என்ன நடந்தது என்று நினைவிருக்கும். கர்நாடகத்தில் ஒருவனை அடிக்கும் காட்சி இங்கே பரவியது, இங்கே அடிக்கும் காட்சி அங்கே பரவியது. செப்டம்பர் 12 அன்று பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் வரிசையாக எரிந்தன. அந்தக் காட்சிகளாவது நடந்தவை. உங்கள் பையன் அனுப்பியது நடக்காதது.

அவனைக் குரூப்பில் வைத்துத் திட்டாதீர்கள், முறைப்பாகிவிடுவான். கடைக்கு வரச் சொல்லி, "இதை யாருப்பா உன்கிட்ட சொன்னது?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. வதந்தி பரப்பிப் பகை மூட்டுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 353-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதையும் சொல்லுங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பதிவை அழிக்கச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே பலர் போனில் இருக்கும், அழித்தால் மறைத்தான் என்றுதான் ஆகும். அதே குரூப்பில், அதே குரலில், "நான் சொன்னது உறுதியில்லாத தகவல், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புங்க" என்று பேசி அனுப்பச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் அவனே நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளியில் விடட்டும்.

அமைதிக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். தனியாகப் போகாமல் இரண்டு தெரு மகளிர் குழுக்களிலிருந்தும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள். இப்படிப்பட்ட கூட்டங்களில் கட்சிக்காரர்களும் நாட்டாமைகளும் முன்வரிசையில் உட்கார்ந்து, பரஸ்பரம் வழக்கை வாபஸ் வாங்குவதைப்பற்றியே பேசி முடித்துவிடுவார்கள். கொடிக்கம்பம் எங்கே என்பதை அவர்கள் பேசிக்கொள்ளட்டும். நீங்கள் வேறு விஷயங்களைக் கேளுங்கள். பிள்ளைகள் எந்த வழியாகப் பள்ளிக்குப் போவது, அந்த நேரத்தில் காவலர் நிற்பாரா? ரேஷன் கடை ஒரு தெருவில்தான் இருக்கிறதென்றால் மற்றத் தெருக்காரர்கள் எப்போது வரலாம்? நடவுக்கு இரண்டு தெரு ஆட்களும் ஒன்றாகத்தானே இறங்குகிறார்கள், இந்தப் பருவத்தில் வேலையிலிருந்து யாரையும் நிறுத்தக்கூடாது என்று எழுதித் தருவார்களா? கொள்முதல் நிலையத்தில் மூட்டை வரிசை மாறாமல் இருக்க யார் பொறுப்பு? வண்டியும் வைக்கோலும் இழந்தவர்களுக்கு நிவாரணம் என்ன, எப்போது?

கூட்டக் குறிப்பில் இவற்றை எழுதச் சொல்லி, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நகல் ஒன்று வாங்கிக் கடையில் ஒட்டி வையுங்கள். வாக்குமூலத்தைக் கூட்டத்துக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. அங்கே வைத்து "அந்த விஷயத்தை விட்டுடும்மா" என்று யாராவது சமரசம் பேச வந்தால், கொடுத்தாகிவிட்டது என்று சொல்லிவிடலாம்.