கூட இருப்பவர் பிள்ளையைப் பொறுப்பெடுத்தால் என் கைரேகையும் வேண்டுமா? ஐஸ் (ICE, விசா இல்லாதவர்களைப் பிடிக்கும் அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறை) வீட்டுக்கு வருமா?

கேட்டவர் அமெரிக்காவில் வாடகையைப் பங்குபோட்டு இருக்கிறார். அதே வீட்டில் இருக்கும் பெண், எல்லையில் தனியாகப் பிடிபட்ட சொந்தக்காரப் பையனை எடுக்க மனுப் போட்டிருக்கிறார், இப்போது இவரிடமும் கைரேகை கேட்கிறார்கள். உங்கள் விசா என்னவென்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

கேட்பார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து வீட்டில் உள்ள வளர்ந்தவர்கள் எல்லாரும் கொடுக்க வேண்டும். ஸ்பான்சருக்கு, அதாவது பிள்ளையைப் பொறுப்பெடுக்கிறவருக்கு, மரபணுச் சோதனை, வருமானச் சான்று என்று வேறு சேர்ந்துவிட்டது. விசா இல்லை என்பதற்காக ஸ்பான்சரை மறுக்கக் கூடாது, அந்த விவரத்தைப் பிடிக்கிறவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று முன்பு ஒரு விதி இருந்தது, 2025 மார்ச்சில் அதையும் எடுத்துவிட்டார்கள். அதனால் ஐஸ் வராது என்று சொல்லி உங்களைத் தேற்ற என்னால் முடியாது.

2018இல் இதே கடிதம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. நான் யாழ்ப்பாணத்தான், ஹூஸ்டனில் உணவகச் சமையலறையில் வேலை, தஞ்ச வழக்கு இழுத்துக்கொண்டிருந்த நேரம். கூட வேலை செய்த எல் சால்வடார் அக்கா எடுத்த வீட்டில் எனக்கு ஒரு அறை, கூரை வேலைக்குப் போகும் குவாத்தமாலா அண்ணன் தம்பிக்கு இன்னொன்று. அந்த அக்காவின் தமக்கை மகன், பதினேழு வயது, டெக்சாஸ் பாலைவனத்தில், தனியாக வந்த பிள்ளைகளை வைத்திருந்த டோர்னியோ கூடார முகாமில் இருந்தான். பதினெட்டு முடிந்தால் பெரியவர்களோடு ஐஸ் தடுப்பில் போடலாம், அதனால் அக்காவுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. ஆனால் அந்த ஏப்ரலில்தான், அப்படிப் பிடிபட்ட பிள்ளைகளைப் பராமரிக்கும் ஓஆர்ஆர் (ORR) என்ற அரசு அலுவலகமும் ஐஸும் ஒப்பந்தம் போட்டு, வீட்டிலுள்ள எல்லாருடைய கைரேகையும் ஐஸுக்குப் போகும் என்று ஆக்கியிருந்தன.

அண்ணன் தம்பி அந்த வாரமே மூட்டை கட்டினார்கள். அவர்களைக் கோழை என்று யாராவது இங்கே எழுதினால் எனக்குக் கெட்ட கோபம் வரும், அவர்களுக்கும் ஊரில் பிள்ளைகள் இருந்தார்கள். நான் கொடுத்தேன். தியாகம் ஒன்றும் இல்லை, என் பத்து விரலும் எல்லையிலேயே அவர்கள் கைக்குப் போய்விட்டது, இனி ஒளிக்க என்ன இருக்கிறது? அக்காதான் பாவம், கைரேகை கொடுத்த பிறகு தினமும் வேறு வேறு வழியால் வேலைக்கு வந்தார். சும்மா பயமில்லை. ஜூலை முதல் நவம்பர் வரை ஸ்பான்சராக முன்வந்தவர்களில் 170 பேரைப் பிடித்ததாக ஐஸே சொன்னது, அதில் 109 பேர்மேல் எந்தக் குற்றப் பதிவும் இல்லை. முகாம்களில் பிள்ளைகள் 15,000ஐ நெருங்கியபோதுதான், டிசம்பரில், கூட இருப்பவர்களின் கைரேகை வேண்டாம் என்றார்கள். பொடியன் அதன் பிறகு வந்து சேர்ந்தான். அக்காவை யாரும் பிடிக்கவில்லை.

சரி, உடனே ஒருவர் வந்து "அப்போ சோதனையே வேண்டாமா, கடத்தல்காரனிடம் கொடுக்கவா?" என்பார். நான் அப்படிச் சொல்லவில்லை ஐயா. 2014இல் ஒஹாயோவின் மேரியனில் குவாத்தமாலாப் பிள்ளைகளைப் பொய் ஸ்பான்சர்கள் எடுத்துக் கோழிப் பண்ணையில் வதைத்தது எனக்கும் தெரியும். வீட்டை வந்து பாருங்கள், குற்றப் பதிவைத் தேடுங்கள், பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். சித்தியைப் பிடித்துக்கொண்டு போனால் பிள்ளையை யார் பார்ப்பது? எனக்கு விளங்காதது அது ஒன்றுதான்.

நீங்கள் கைரேகை கொடுக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். நோட்டாரியோ (பத்திரத்தில் சான்றுக் கையெழுத்துப் போடுகிறவர்) என்று பலகை மாட்டியிருப்பவர் வழக்கறிஞர் இல்லை, அங்கே போகாதீர்கள். வீடு மாறுவதாக இருந்தால் அந்தப் பெண்ணிடம் முதலே சொல்லிவிடுங்கள், மனுவில் ஆட்கள் கணக்கு மாறும்.

அப்புறம் வீட்டு முற்பணம். அண்ணன் தம்பி போனதும் வாடகை கட்டுப்படியாகாமல் நாங்களும் காலி செய்தோம். வீட்டுக்காரர் நம்ம தமிழ் ஆள்தான், மேடையில் தமிழர் ஒற்றுமை பேசுகிறவர். அடுப்பில் எண்ணெய்க் கறை என்று முழுக் காசையும் வைத்துக்கொண்டார். புது முகவரியை எழுத்தில் கொடுத்தால் டெக்சாஸில் வீட்டைக் காலி செய்த 30 நாளுக்குள் காசைத் திருப்ப வேண்டும், பிடித்த காசுக்குக் கணக்கும் காட்ட வேண்டும். இது எனக்குத் தெரியவந்தபோது மனிதர் வீட்டையே விற்றுவிட்டார். நீங்கள் அடுப்பைப் படம் எடுத்து வையுங்கள்.